காட்டைத் தரிசென்று எழுதிய கை

இருங்காட்டுக்கோட்டை! சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்குச் சற்று முன்னே, இப்பெயர் இன்றும் ஊர்ப்பலகையில் நிற்கின்றது. 'இருமை' என்பது பெருமையையும் கருமையையும் ஒருங்கே உணர்த்தும் பழந்தமிழ்ச் சொல். இருங்காடு எனின் இருள்செறிந்த பெருங்காடு. அரணுக்கு உறுப்புக் கூறப் புகுந்த திருவள்ளுவர், தெளிந்த நீரும் வெளிநிலமும் மலையும் என மூன்றை எண்ணி, நான்காவதாக நிழலடர்ந்த காட்டை வைத்தார். கோட்டையைச் சூழ்ந்த காவற்காட்டிற்கு 'மிளை' என்று தனிப்பெயரே தமிழில் உண்டு. அப்படிப்பட்ட ஊரிலே இன்று காட்டைத் தேடிச் செல்வோன் காண்பது யாது? 1996இல் கால்கோள் நடந்து, 1998இல் முதல் உந்துவண்டியை வெளியே ஓட்டிய கொரிய நாட்டு ஊண்டாய்த் தொழிற்சாலையின் நெடுமதிலைத்தான்! காடும் இல்லை, கோட்டையும் இல்லை. பெயர்மட்டும், இறந்தோன் வீட்டு வாயிலில் கழற்றப்படாத பெயர்ப்பலகைபோல், தொங்கிக்கொண்டிருக்கின்றது.

இஃதொரு தனியூரின் கதையன்று. மாங்காடு, திருவேற்காடு, பழவேற்காடு, திருவாலங்காடு, ஆர்க்காடு என்று தொண்டைநாடெங்கும் காடு ஊர்ப்பெயராய் நிற்கின்றது. மாவும் வேலும் ஆலும் ஆத்தியும் அவ்வூர்களுக்குப் பெயரீந்த மரங்கள். திருப்பெரும்புதூரையொட்டிய போந்தூரில் போந்தை, அஃதாவது பனை, நிற்கின்றது. மாம்பாக்கத்தில் மா நிற்கின்றது. சுங்குவார்சத்திரமோ தன் பெயரிலேயே ஒரு சத்திரத்தைச் சுமந்து நிற்பது. காஞ்சிக்கு நடந்து போனவன் இளைப்பாறிய இடம். நடந்து போனவனுக்கு நிழல் வேண்டியிருந்தது. இன்று அவ்வழியே செல்லும் சரக்குந்துகட்கு நிழல் வேண்டா.

"தொழிற்சாலைகள் வருமுன் அங்கே என்னதான் இருந்தது? முள்ளும் புதரும் செம்மண் மேடுந்தானே! ஆடுமாடு மேய்ந்த வெற்றுத் தரிசுதானே! அதனை எடுத்துக்கொண்டதில் இழப்பென்ன?" என்று கேட்பவர் உளர். ஆட்சியாளர் கேட்கின்றனர், செய்தித்தாள்கள் கேட்கின்றன, அவ்வூரில் பிறந்து வளர்ந்து தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாய்ச் சேர்ந்த இளைஞனுங்கூடக் கேட்கின்றான். அவன் கேட்பதுதான் கொடுமை. தன் பாட்டன் பெயர்சொல்லி அழைத்த மரங்களை அவன் 'புதர்' என்கின்றான். அவன்மேல் குற்றமில்லை. அம்மரங்களின் பெயர்களை அவனுக்கு எப்பள்ளியும் கற்பிக்கவில்லை. 'தரிசு' என்னும் சொல்லையோ அரசின் எல்லா ஏடுகளும் கற்பித்தன.

முள்ளும் புதரும் என்று தள்ளப்பட்ட அக்காடு யாதென முதலில் அறிதல் வேண்டும்.

இராமநாதபுரத்துக்கு வடக்கே தொடங்கி, சோழமண்டலக் கரையை ஒட்டி, ஆந்திரத்து நெல்லூர் வரை நீண்டு கிடக்கும் நிலப்பரப்பு ஏறத்தாழ 25,500 சதுரக் கிலோமீட்டர். உலகத்துக் காடுகளை வகைப்படுத்தும் அறிவியலார் இதனை வெப்பமண்டல உலர்காடுகளுள் ஒன்றாக வைப்பர். ஆயினும் அவ்வகையுள் இது தனித்தன்மை வாய்ந்தது. ஆங்கிலக் காட்டலுவலர் சேம்பியன் 1936இல் வகுத்து, 1968இல் சேத் என்பவருடன் திருத்தி வெளியிட்ட காட்டுவகைப் பட்டியலில், இதற்கென்று 'உலர் பசுமைமாறாக் காடு' எனத் தனித்தொகுதியே ஒதுக்கப்பட்டுள்ளது. உலர்ந்த நிலம், ஆனால் இலையுதிராக் காடு! மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் திசம்பர் வரை மூன்றே திங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் ஆறேழு திங்கள் வெயில். இத்தகைய வறட்சியில் பிற நாட்டு மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாய் நிற்கும். தேக்கு நிற்கும் காட்டில் மாசி பங்குனியில் சென்று பார்த்தவர் அதனை அறிவர். ஆனால் பாலையும் வீரையும் காசாவும் கருங்காலியும் சித்திரைக் கத்திரியிலும் பச்சையாய் நிற்கும். எப்படி? இலை சிறிது, தடித்தது, தோல்போன்றது, மேலே மெழுகு பூசினாற்போன்ற மினுக்கம். நீரை வெளியே விடாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும் இலை. மரம் வானளாவ வளராது. பனையில் பாதி உயரம் இருப்பின் பெரிது. ஒரே அடியிலிருந்து பல கிளைத்தண்டுகள் எழுந்து, ஒன்றோடொன்று பின்னி, கொடிகளால் கட்டுண்டு, தலைக்குமேல் ஒரே கூரையாய் மூடிக்கொள்ளும். அக்கூரையின்கீழே மண் குளிர்ந்திருக்கும். சருகு மட்கும். விழுந்த மழைத்துளி ஓடாமல் இறங்கும்.

பாலை என்னும் மரத்தைப் பற்றி ஒரு சொல். பாலைத்திணைக்குப் பெயரீந்த மரம் எதுவென உரைகாரர்களும் மரநூலாரும் பலவாறு கூறுவர்; வெட்பாலை என்பாரும் உளர். உலக்கை செய்தற்கு உரிய வன்மரமாகையால் உலக்கைப்பாலை எனப்பெறும் இந்த மரமோ, மற்றெல்லாம் வாடும்போதும் வாடாமல் நிற்பது. மஞ்சள் நிறத்துச் சிறு பழம் தருவது. பழம் பிசுபிசுப்பும் இனிப்பும் கொண்டது. ஈழத்து வன்னியிலும் மன்னாரிலும் பாலைப்பழம் இன்றும் பெயர்சொல்லி உண்ணப்படுகின்றது. அங்கே பாலை, வீரை, முதிரை என்று மரங்களை இனம்பிரித்துச் சொல்லப் பிள்ளைகட்கும் தெரியும். ஒரே கடலின் இருகரையிலும் ஒரே காடு, ஒரே மொழி, ஒரே பெயர். தாய்த்தமிழகத்தின் தலைநகரை அடுத்த ஊர்களில் அப்பெயர் மறந்துபோயிற்று. பொன்னேரிக்கு அப்பால் திருப்பாலைவனம் என்றோர் ஊர் உண்டு. அதன் பெயரைக் கேட்டதும் மணற்காட்டை நினைப்பவன் இன்றைய தமிழன்.

இக்காட்டின் உயிரோட்டம் பழத்தில் இருக்கின்றது. பாலை, நாவல், களா, காரை, சூரை, ஈச்சு என்று கோடையில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பழுக்கும். சின்னானும் குயிலும் குக்குறுவானும் பகலில் உண்ணும், மரநாயும் பழந்தின்னி வௌவாலும் இரவில் உண்ணும், நரியும் விடாது. உண்ட பழத்தின் விதை வேறிடத்தில் எச்சமாய் விழும். காற்றை நம்பிய காடன்று இது. வாயையும் வயிற்றையும் நம்பிய காடு. பறவையும் விலங்கும் அற்றுப்போயின் இக்காடு தானே நடப்படமாட்டாது. அவற்றிற்கோ பழமரம் வேண்டும். ஒன்றையொன்று பற்றி நிற்கும் இவ்வுறவைத்தான் மேலைநாட்டார் கடந்த நூற்றாண்டில் தனி அறிவியலாக வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். அவற்றோடு இயைந்த மாந்த வாழ்வு உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்துவைத்த திணைக்கோட்பாட்டை அறிந்தவனுக்கு அவ்வறிவியல் அயலாகத் தோன்றாது. 'திணையியல்' என்னும் ஒரு சொல்லே அதற்குப் போதும்.

காட்டை வெட்டினால் என்ன ஆகின்றது? அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அவ்வளவு வீறு உடையவை இம்மரங்கள். மீண்டும் வெட்டினால் குட்டையாகித் தூறாகும். அதன்மேல் ஆடு மேய்ந்தால், ஆடு தின்னா முட்செடிகளான காரையும் சூரையும் மட்டும் மேலோங்கும். அதையும் வேரோடு தோண்டினால் மேல்மண் அரித்துச் செம்பாறைப் பரல் வெளிப்படும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்பதோர் படிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறும் கருத்தின் நிலவியல் உண்மை இதுவே. பாலை என்று தனிநிலம் பிறப்பிலேயே இல்லை. பிறநிலம் கெட்டுப் பாலையாகின்றது. கெட்டது திரும்பவும் கூடும் என்பதையும் அக்கருத்து உள்ளடக்கி நிற்கின்றது. எப்படித் திரும்பும்? அந்த முட்புதரே வாயில்! முட்புதரின்மேல் சின்னான் வந்து அமர்கின்றது. எச்சமிடுகின்றது. அதில் வீரை விதையும் பாலை விதையும் இருக்கின்றன. புதரின் நிழலில் அவை முளைக்கின்றன. முள் வேலியாய் நின்று ஆட்டின் வாயைத் தடுக்கின்றது. சில பத்தாண்டுகள் கையிடாமல் விட்டால் புதரைத் துளைத்து மரம் எழும். ஆகவே, முட்புதர் காட்டின் பிணமன்று. புண்ணின்மேல் கட்டிய பொருக்கு. பொருக்கைப் பெயர்த்தெறிந்துவிட்டு 'இங்கே தோலே இல்லை' என்பவனை மருத்துவன் என்பதா?

தரிசாக்கிய எழுத்து

இனி, அப்பொருக்கிற்குத் 'தரிசு' எனப் பெயரிட்டவன் எவன் என்று காண்க.

இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள், ஊர்களின் நிலத்தை அளந்து கூறும்போது, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைத் தனியே கழித்து, இறையிலாத பொதுநிலம் என்று விடுகின்றன. இறைக்குப் புறம்பாகப் போகின்ற நிலம் புறம்போக்கு. மேய்க்கால், காடு, ஏரி, களம் யாவும் அதிலடங்கும். ஒருவனுக்கும் உரியதன்று என்பது அதன் பொருளன்று. ஊர் முழுமைக்கும் உரியது என்பதே பொருள். சுங்குவார்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு நாள் நடையில் உள்ள உத்திரமேரூரில், பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரிவாரியம், தோட்டவாரியம் என்று பொதுவளங்கட்குத் தனித்தனி வாரியம் தேர்ந்த முறையைப் பேசுகின்றன. (அது பார்ப்பனர் ஊரவை, வேதமும் நிலமும் உடையார்க்கே அதில் இடம் என்பதைக் குடவோலைப் பெருமை பேசுவோர் மறைத்துவிடுவர். அது நிற்க. ஏரிக்கும் தோட்டத்திற்கும் பொறுப்பாளரைப் பிரித்துவைத்த அறிவு இம்மண்ணினது.)

ஆங்கிலன் வந்தான். அவன் கணக்கில் நிலம் இருவகையே: வரி தருவது, வரி தராதது. வரி தராததை 'வீண்நிலம்' என்று எழுதினான். காட்டிலும் அவனுக்கு இருவகையே: வெட்டி விற்கத்தக்க மரமுடையது, அஃதில்லாதது. தேக்கு இருந்த மலைக்காடு அவன் கண்ணில் காடு. பாலையும் காசாவும் நின்ற குறுங்காடு அவன் கண்ணில் விறகு. 1856ஆம் ஆண்டு சூலை முதல்நாள் இராயபுரத்திலிருந்து வாலாசாச் சாலைக்குத் தென்னாட்டின் முதல் தொடர்வண்டி ஓடியது. அதே 1856இல்தான் கிளெக்கார்ன் என்பார் சென்னை மாகாணத்தின் முதற் காட்டுக் காப்பாளராக அமர்த்தப்பெற்றார். ஒரு கையில் காப்பு, மறுகையில் கோடரி! நிலக்கரி கப்பலேறி வரவேண்டிய அக்காலத்தில், வண்டி விறகில் ஓடிற்று. சென்னைப் பட்டினத்து அடுப்புகளும் விறகில் எரிந்தன. அவ்விறகு செங்கற்பட்டு மாவட்டத்துக் குறுங்காடுகளிலிருந்தும் வந்தது. காடு தீர்ந்தபின் கடற்கரையெங்கும் அயல்நாட்டுச் சவுக்கை நட்டனர். அதன்பின், 1877ஐ ஒட்டிச் சீமைக்கருவேலின் விதையை அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகளின் வழிவந்ததாகக் கொணர்ந்து சென்னை மாகாணத்தில் தூவினர். அம்மரத்தைக் காமராசர் கொணர்ந்தார் என்று திண்ணைதோறும் பேசுவோர் இவ்வாண்டைக் குறித்துக்கொள்வாராக. தமிழ்நாட்டரசு அயலினங்களை அகற்றுதற்கென்று கொள்கையொன்றை வெளியிட்டது 2022இல். இடைப்பட்டது 145 ஆண்டு.

வெள்ளையன் போனான், அவன் எழுதிய ஏடு போகவில்லை. 2000ஆம் ஆண்டில் இந்திய அரசின் நிலவளத் துறை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 'இந்தியத் தரிசுநில வரைபட நூல்' என்று ஒன்றை வெளியிட்டது. பின்னும் பலமுறை புதுக்கி வெளியிட்டுள்ளது. அந்நூலின் தரிசு வகைகளுள் ஒன்று எது தெரியுமா? புதர்நிலம்! அடர்ந்த புதர், திறந்த புதர், காட்டெல்லைக்குள்ளேயே புதர் மிகுந்த இடம் என்று பிரித்துப் பிரித்துத் தரிசுக் கணக்கில் சேர்த்திருக்கின்றார்கள். வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்குப் பாலை விதை முளைப்பது தெரியாது. சின்னான் எச்சமிடுவது தெரியாது. தேவாங்கு கண்விழித்து அமர்ந்திருப்பது தெரியாது. இவ்வாறு தில்லியில் தரிசென்று எழுதப்பட்டது சென்னையில் 'பயன்படாநிலம்' ஆகின்றது, மாவட்டத்தில் புறம்போக்காகின்றது, தொழிற்பேட்டையில் மனையாகின்றது. 1971இல் தோன்றிய சிப்காட்டு நிறுவனத்தை வளர்த்ததில் இரு கழக ஆட்சிகட்கும் வேற்றுமையில்லை. ஒருவர் அடிக்கல் நாட்டுவார், மற்றவர் திறந்துவைப்பார். மேடையில் இருவரும் தமிழ்த்தாயை வணங்குவர். ஊரின் பொதுநிலத்தைக் குறித்த அந்தப் 'புறம்போக்கு' என்னும் நற்சொல், இதற்கிடையே, தெருவில் ஒருவனையொருவன் இழித்துரைக்கும் வசைமொழியாய்விட்டது. சொல் சாகும்போது நிலம் சாகின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேடவேண்டுவதில்லை.

தொழிலே வேண்டாவென்று எவரும் இங்கு வாதிடவில்லை. தொண்டைநாட்டு இளைஞன் உழவில் நட்டமுற்று நிற்கும்போது வேலையைத் தடுப்பது அறமாகாது. தமிழனே காட்டை அழிக்காதவன் என்று பொய்ப்பெருமை பேசுவதற்கும் இடமில்லை. கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதைப் பட்டினப்பாலை புகழ்ந்தே பேசுகின்றது. ஆனால் அதே புகழ்ச்சியில் குளந்தொட்டு வளம்பெருக்கியதும் உடன்வருகின்றது. இந்த ஏரிகளை எண்ணுக: திருப்பெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கத்து ஏரி, செம்பரம்பாக்கத்து ஏரி. செங்கற்பட்டு 'ஏரி மாவட்டம்' எனப்பட்டது சும்மாவன்று. ஏரிக்கு மேலே மேய்க்காலும் குறுங்காடும், அங்கே விழும் மழை மெல்ல வடிந்து ஏரிக்கு வரும், ஏரியிலிருந்து வயலுக்கு. மேலுள்ள புதர் ஏரியின் வடிகட்டி. அதன்மேல் காரைத்தளம் போட்டுவிட்டால் வடிகட்டியும் இல்லை, மெல்லவும் இல்லை. விழுந்த நீர் அப்படியே ஓடிவரும். 2015 திசம்பரில் செம்பரம்பாக்கத்து மதகு திறந்து அடையாற்றங்கரை மூழ்கியபோது, ஏரியை இயக்கிய அலுவலரைப் பற்றியே எல்லாரும் வழக்காடினர். ஏரிக்கு மேலே நிலம் மாறிப்போனதைப் பற்றிப் பேசியவர் சிலர். 2022இல் பரந்தூரில் வானூர்தி நிலையம் என்று அறிவித்து 13 சிற்றூர்களைக் குறித்தபோது, ஏகனாபுரத்து மக்கள் முதலிற் சொன்னதும் ஏரியைப் பற்றித்தான். படித்தவர்க்குத் தெரியாத நீரோட்டம் அம்மக்கட்குத் தெரிந்திருந்தது. ஆண்டுக்கணக்காய் அவர்கள் போராட நேர்ந்தது.

காடு எது என்னும் வழக்கு

இங்கே ஒரு சொல்வழக்கு உண்மையிலேயே வழக்குமன்றம் ஏறிய வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும். நீலமலைக் கூடலூரில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர்க் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995இல் உச்ச நயன்மன்றம் சென்றார். 1996 திசம்பர் 12ஆம் நாள் மன்றம் ஆணையிட்டது: காடு என்பது அரசிதழில் காடென்று அறிவிக்கப்பட்டது மட்டுமன்று, உடைமை எவருடையதாயினும், அகரமுதலிப் பொருளில் எது காடோ அது காடு. தமிழ்நாட்டுக் காடொன்றுக்காக எழுந்த வழக்கில் பிறந்த இவ்விலக்கணம் இந்தியா முழுமைக்கும் காவலாயிற்று. அரசுப் பதிவேட்டில் ஏறாத குறுங்காடுகட்கும் அதனால் ஒரு பற்றுக்கோடு கிடைத்தது.

2023இல் தில்லி பாராளுமன்றம் 1980ஆம் ஆண்டுக் காட்டுக்காப்புச் சட்டத்தைத் திருத்திற்று. அறிவிக்கப்பட்ட காடும், 1980 அக்டோபர் 25க்குப் பின் அரசுப் பதிவில் ஏறிய காடும் மட்டுமே இனிச் சட்டத்திற்குள் அடங்கும் என்று சுருக்கிற்று. அகரமுதலிக் காட்டை வெளியே தள்ளிற்று. சுருக்கியதோடு நின்றதா? சட்டத்தின் பெயரையே மாற்றிற்று. 'வன் சன்ரக்சன் ஏவம் சம்வர்தன் அதினியம்' என்பது இன்று அச்சட்டத்தின் பெயர்! ஆங்கிலப் பதிப்பிலும் அதுவே பெயர். தமிழ்நாட்டுக் குறுங்காட்டை வெட்டக்கூடாதென்று முறையிட வரும் தமிழ் உழவன், முதலில் வாயில் நுழையாத இவ்வடமொழித் தொடரை எழுதிக் காட்டவேண்டும். காப்பு சுருங்கிற்று; ஆரியச் சொல் பெருகிற்று. இரண்டும் ஒரே ஆணையில் நிகழ்ந்தன. 2024 பிப்ரவரியில், வழக்கு முடியுமட்டும் பழைய அகரமுதலிப் பொருளையே மாநிலங்கள் பின்பற்றுக என்று உச்ச நயன்மன்றம் இடைக்கால ஆணை இட்டது. இற்றைக்கு அந்த ஒற்றைச் சொல்லின் பொருளில்தான் எத்தனையோ குறுங்காடுகளின் உயிர் தொங்குகின்றது.

தில்லியைக் குறைகூறுவோர் சென்னையையும் நோக்குக. தமிழ்நாட்டரசின் துறைக்குப் பெயர் 'வனத்துறை'. காடு, கானம், கா, பொழில், சோலை, புறவு, இறும்பு, கடறு, பொதும்பு, மிளை, அரில், முதை என்று காட்டின் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு சொல் வைத்த மொழி தமிழ். சிறுமரக் கூட்டத்திற்கு ஒன்று, முதிர்ந்த காட்டிற்கு ஒன்று, பிணங்கிய தூற்றிற்கு ஒன்று. இச்சொற்கள் அழகுக்காக அடுக்கப்பட்டவை அல்ல. நிலத்தை நுணுகிக் கண்டவன் வைத்த அடையாளங்கள். இத்தனையையும் மூடிவிட்டு 'வனம்' என்று ஒற்றைப் போர்வை போர்த்திவிட்டனர். போர்வைக்குள் எது காடு, எது புதர், எது தரிசு என்று எவனுக்குத் தெரியும்? மலையாளக்கரை மரஞ்செடிகளை 17ஆம் நூற்றாண்டிலே நூலாக்கிய ஆலந்து நாட்டுத் தலைவன் இரீடுங்கூட உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டே எழுதினான். பாலைக்கு இன்று உலக மரநூலார் வழங்கும் இலத்தீன் இனப்பெயர் அவன் நூலிற் பதிந்த உள்ளூர்ச் சொல்லிலிருந்தே வந்தது. புங்கின் பெயரும் வெட்டிவேரின் பெயரும் மேலைநாட்டு நூல்களில் ஏறி நிற்கின்றன. அயலான் எழுதிவைத்துக்கொண்டான்; உரியவன் தொலைத்துவிட்டான்.

அண்மையில் ஒரு புதுமை. சென்னை மாநகராட்சி முதற்கொண்டு பல்வேறு நிறுவனங்கள் 2020ஐ ஒட்டி 'மியாவாக்கிக் காடு' என்று நெருக்கி நட்டுப் பெருமை பேசத் தொடங்கின. அகிரா மியாவாக்கி சப்பான் நாட்டு அறிஞர், 2021இல் மறைந்தார். அவர்தம் முறையின் உயிர்நிலை யாது? தம் நாட்டுக் கோயில்களைச் சூழ்ந்து எஞ்சிய பழங்காடுகளை ஆராய்ந்து, அந்தந்த மண்ணில் இயல்பாய் வளர்ந்திருக்கக்கூடிய மரங்களையே நடவேண்டும் என்பது. அதாவது, கோயிற்காட்டைப் பார், அதைப்போல் செய் என்றார். தமிழ்நாட்டில் ஐயனார் காட்டைப் பார்க்கவில்லை. சப்பானியப் பெயரைமட்டும் எடுத்துக்கொண்டனர். மரக்காணத்தை அடுத்த புத்துப்பட்டு ஐயனார் காட்டில் பாலையும் காசாவும் வீரையும் இன்றும் நிற்கின்றன. அரிவாள் ஏந்திய ஐயனாரின் அச்சம் காத்த காடு அது. சட்டம் காக்கவில்லை.

எஞ்சியவற்றின் கணக்கு நெடிதன்று. முன்னிருந்ததில் 100க்கு 5 பங்கும் இன்றில்லை என்பது ஆய்வாளர் மதிப்பீடு. கிண்டியில் ஏறத்தாழ 270 எக்டேர், 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆளுநர் மாளிகைத் தோட்டமாய் மதிலுக்குள் கிடந்தமையாலேயே அதுவும் பிழைத்தது. அங்கிருந்தும் 1959இல் தொழில்நுட்பப் பயிலகத்திற்கு ஒரு பெருந்துண்டு போயிற்று. வண்டலூரிலும் நன்மங்கலத்திலும் ஒதுக்கக்காட்டுத் துண்டுகள் உள்ளன. கோடிக்கரையில் உண்டு. புதுவையை அடுத்த ஆரோவில்லில், 1968இல் மரமற்ற செம்மண் மேடாயிருந்த இடத்தில், பல நாட்டிலிருந்து வந்தோர் இவ்வுள்ளூர் மரங்களின் விதையைக் கோயிற்காடுகளில் தேடித்தேடி எடுத்து நட்டு வளர்த்துக் காட்டினர். அவர்தம் ஆன்மக் கொள்கை எதுவாயினும் ஆகுக, வெறும் செம்மண்ணும் மீளும் என்பதை மெய்ப்பித்தமைக்கு அவர்கட்குத் தமிழன் கடன்பட்டவன், வெட்கப்படவும் கடமைப்பட்டவன்.

நன்மையும் சில நடந்துள்ளன. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறள்காட்டில் 2022இல் தேவாங்குக்கென்று கடவூர்க் காப்பிடம் அமைந்தது. மதுரை அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபிடம் ஆனது. அதனையும் உள்ளடக்கிய நிலத்தைத் தங்குதன் சுரங்கத்திற்கென்று 2024 நவம்பரில் தில்லியரசு ஏலம் விட்டது. ஊர்மக்கள் எழுந்தனர், உழவர் நடந்தே மதுரைக்கு வந்தனர், 2025 சனவரியில் ஏலம் நீக்கப்பட்டது. 2025இல் திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டியின் கோயிற்காடும் பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி ஏன் வென்றது? அங்குள்ளோர்க்குத் தம் குன்றின் பெயர் தெரியும். சுனையின் பெயர் தெரியும். அதில் வாழும் வல்லூற்றின் பெயர் தெரியும். 'வெற்றுக்கல்' என்று எழுதியவனுக்கு எதிரே பெயர்களை எடுத்து வைத்தனர்.

பெயரின் அருமையை முதலாளி அறிவான். 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள், சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தம் தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது தலையாய வேண்டுகோள். சங்கத்தின் பெயரில் தன் நிறுவனப் பெயர் வரலாகாது என்று நிறுவனம் தடைகூறி நின்றது. 2025 சனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று. கொரியாவில் பிறந்த ஒரு பெயருக்குச் சுங்குவார்சத்திரத்தில் இத்தனைக் காவல்! அம்மண்ணிலேயே பிறந்த காரைக்கும் காசாவுக்கும் வீரைக்கும் ஒரு பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லையெனில் அக்குற்றம் கொரியனுடையதா?

அந்தப் பதிவேடு இல்லாமலும் இல்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமையவேண்டும். அவ்வூர் மரம், செடி, கொடி, புள், விலங்கு, நீர்நிலை, அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவை யாவற்றையும் 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில்' எழுதவேண்டும். பல இடங்களில் இப்பதிவேடு பணம் பெற்ற ஒருவர் எங்கோ அமர்ந்து, ஓரூர்ப் பட்டியலைப் பார்த்து மற்றோரூர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்ததாய் முடிகின்றது. ஆயினும் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கின்றது. நிலம் கையகப்படுத்த வருவோன் 'வெற்றுநிலம்' என்னும்போது, 'இதோ எங்கள் ஏடு' என்று காட்டத்தக்க ஆவணம் அதுவே.

தமிழ்நாட்டில் ஊரவைக் கூட்டம் ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகின்றது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திருப்பெரும்புதூர் வட்டத்து ஊர்களில் ஆடு மேய்த்த முதியவரும், விறகும் கீரையும் பறித்த முதியவளும் இன்னும் உயிரோடிருக்கின்றனர். இசங்கு எது, காரை எது, மருக்காரை எது என்று இலையைக் கிள்ளிப் பார்த்தே சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அது. ஒரு குறிப்பேடும் எழுத்தறிந்த ஓர் இளைஞனும் இருந்தாற் போதும். ஏரிக்கரையில் அவர்களோடு ஒரு காலைப்பொழுது நடந்தால் முப்பது நாற்பது பெயராவது ஏறும். பதிவேட்டுப் படிவத்தில் உள்ளூர்ப் பெயருக்கென்று ஒரு நிரல் இருக்கின்றது. 'வனம்' என்றோ 'புதர்' என்றோ எழுதி அந்நிரலை மூடாமல், அடுத்த ஊரவை கூடுமுன் அதில் முதற்பெயரை எழுதத் தொடங்கவேண்டும்.